கடல்ல கட்டினதுக்கு பூகம்பம் வந்தா என்ன ஆகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆயில் பிளாட்ஃபார்ம், வார்ஃப், ஜெட்டி (ரெண்டும் கப்பல் நிறுத்தற மேடை), பிரேக்வாட்டர் (அலையைத் தடுக்கற சுவர்)னு கடலுக்குள்ள நிக்கிற விஷயங்க பூகம்பத்தை எப்படி தாங்குது, எங்கெல்லாம் தாங்காம போச்சுன்னு சிவில் படிக்கிற பசங்களும் சும்மா ஆர்வத்துல கேக்கறவங்களும் திரும்பத் திரும்ப கேக்கற கேள்விகளை இங்க சேர்த்து வச்சிருக்கேன். ஃபார்முலா ரொம்ப கம்மி. ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடறேன், பாதி கேள்விக்கு பதில் கடைசியில மண்ணுல தான் போய் நிக்கும், அலுத்துக்காதீங்க.

தரையில பில்டிங்குக்கு போடற பூகம்பக் கணக்கையே கடலுக்கும் போட்டா போதாதா?

போதாது. முதல் காரணம் தண்ணி. ஒரு பைல் (மண்ணுக்குள்ள அடிச்சு இறக்கின தூண்) தண்ணிக்குள்ள நின்னு ஆடும்போது சுத்தி இருக்கிற தண்ணியையும் தள்ளிக்கிட்டு தான் ஆடணும், அதனால கணக்குல பைலோட சொந்த எடைக்கு மேல இன்னும் கொஞ்சம் சேரும், இதைத்தான் ஆடட் மாஸ்னு சொல்றது. வட்டமான பைலுக்கு அது எவ்வளவுன்னா, தோராயமா அந்த பைல் எவ்வளவு தண்ணியை விலக்கிட்டு நிக்குதோ அவ்வளவு தண்ணியோட எடை. பைல் குழாயா இருந்து உள்ள தண்ணி ரொம்பி இருந்தா அதையும் சேர்க்கணும். எடை கூடினா ஆடற வேகம் குறையும், வர்ற விசையும் மாறும். அணை மாதிரி பெரிய தட்டையான முகம் இருக்கிறதுக்கு வெஸ்டர்கார்ட்னு ஒரு எஞ்சினியர் 1933-லயே ஒரு கணக்கு போட்டு குடுத்துட்டார், துறைமுகச் சுவருக்கும் முதல் தோராயத்துக்கு இன்னைக்கும் அதை எடுக்கறவங்க நிறைய பேர்.

ரெண்டாவது காரணம் அடியில இருக்கிற மண்ணு முழுக்க தண்ணியில ஊறினது. இது எவ்வளவு பெரிய தலைவலின்னு கீழ ஜப்பானோட கோபே துறைமுகக் கதையில வரும். மூணாவது, முக்கால்வாசி கட்டுமானம் கண்ணுக்கே தெரியாது. தரையில தூண்ல விரிசல் விட்டா வாட்ச்மேன் பார்த்து சொல்லிடுவார், இங்க டைவர் இறங்கணும், அவரும் சேறு கலங்கின தண்ணியில கையால தடவித்தான் பாக்கணும்.

தண்ணி ஆழம் கூடக் கூட பூகம்ப ஆபத்தும் கூடும் தானே?

எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாங்க, ஆனா குலுக்கலை மட்டும் எடுத்துக்கிட்டா நிலைமை கிட்டத்தட்ட நேர்மாறு. பூகம்பத்தோட சக்தி பெரும்பாலும் ரெண்டு செகண்டுக்குள்ள ஒரு தடவை போய் வர்ற வேகமான ஆட்டத்துல இருக்கு. கடலலையோட சக்தி சுமாரா 5-ல இருந்து 20 செகண்ட் வரைக்கும். அடியில பைல் அடிச்சு நிறுத்தின இரும்பு ஜாக்கெட் (பிளாட்ஃபார்மைத் தாங்கற இரும்புச் சட்டக் கால்) ஆழம் கம்மியான இடத்துல ஒண்ணு ரெண்டு செகண்ட்ல ஆடும், அதாவது நேரா பூகம்பத்தோட வாய்க்குள்ள. ஆழம் போகப் போக ஜாக்கெட் உயரமாகி மெதுவா ஆடும், பூகம்பத்தை விட்டு விலகும், ஆனா அலையோட பக்கம் போய் மாட்டிக்கும்.

அதனால தான் ஜாக்கெட்டுக்கு ஒரு எல்லை வந்துச்சு. மெக்ஸிகோ வளைகுடாவுல 1988-ல வச்ச புல்விங்கிள் 412 மீட்டர் ஆழத்துல நிக்குது, அதுக்கு மேல அந்த வகையில யாரும் பெருசா போகல. அடுத்து பெட்ரோனியஸ் மாதிரி கம்ப்ளையன்ட் டவர், 535 மீட்டர், இது வேணும்னே ஒல்லியா கட்டி அலையை விட மெதுவா ஆட விட்டது. அதுக்கும் கீழ போகணும்னா மிதக்கணும். பெர்டிடோ ஸ்பார் (நீளமான உருளை மேல மிதக்கற பிளாட்ஃபார்ம்) கிட்டத்தட்ட 2,450 மீட்டர் ஆழத்துக்கு மேல மிதக்குது. மிதக்கறது கிடைமட்டமா ஒரு தடவை போய் வர நிமிஷக்கணக்கு கூட ஆகும், அடியில தரை செகண்டுக்கு ரெண்டு தடவை குலுங்கினா மேல ஒண்ணும் பெருசா தெரியாது.

அப்ப பூகம்பம் வர்ற இடத்துல ஜாக்கெட்டே வைக்கக் கூடாதா?

வைக்கலாம், வச்சிருக்காங்க. கலிபோர்னியா சாண்டா பார்பரா கால்வாய்ல 1976-ல ஹோண்டோ, சுமார் 257 மீட்டர் ஆழம். 1989-ல ஹார்மனி, சுமார் 365 மீட்டர். ரெண்டும் நல்லா பூகம்பம் வர்ற ஏரியா.

டிசைன் பண்றப்போ ஒரே ஒரு பூகம்பத்தை எடுத்துக்கறது கிடையாது, ரெண்டு லெவல் வச்சு பாப்பாங்க. ஆஃப்ஷோர் பூகம்ப டிசைனுக்கான சர்வதேச விதி ஐஎஸ்ஓ 19901-2 படி முதல் லெவல் பூகம்பம் வந்தா பெருசா எந்த சேதமும் இருக்கக் கூடாது, வேலை தொடரணும். ரெண்டாவது ரொம்ப அரிதான பெரிய பூகம்பம், அதுல இரும்பு வளையலாம், சில பிரேஸ் (குறுக்குச் சட்டம்) போகலாம், ஆனா மொத்தமா விழக் கூடாது, ஆளுங்க உயிரோட இறங்கணும், எண்ணெய் கடல்ல கொட்டக் கூடாது. இந்த ரெண்டாவது செக்ல தான் ஒரு நல்ல எஞ்சினியர் யாருன்னு தெரியும்னு நான் சொல்வேன், ஏன்னா முதல்ல எது வளையும், அடுத்து எது, அந்த லோடு எங்க போய் உக்காரும்னு வரிசையா யோசிக்கணும், சாஃப்ட்வேர்ல பட்டன் அமுக்கி வர்ற பதில் இல்ல அது.

மிதக்கற பிளாட்ஃபார்முக்கு பூகம்பக் கவலையே கிடையாதா?

குலுக்கல் கவலை கம்மி, அவ்வளவு தான். டிஎல்பின்னு ஒரு வகை இருக்கு, இழுத்துப் பிடிச்ச இரும்புக் குழாய்களால கடலடியோட கட்டி வச்ச பிளாட்ஃபார்ம். அது பக்கவாட்டுல மெதுவா ஆடினாலும் மேலும் கீழும் ரொம்ப விறைப்பு, ரெண்டு மூணு செகண்ட் தான், அதனால தரை செங்குத்தா குலுங்கினா அந்த குழாய் வழியா ஆட்டம் மேல ஏறும். அப்புறம் தண்ணி அமுங்காது இல்லையா, கடலடி மேல துள்ளினா அந்த அழுத்தம் தண்ணி வழியாவே ஏறி வந்து கப்பல் அடியில இடிக்கும், நடுக்கடல்ல தரை தட்டிடுச்சோன்னு மாலுமிங்க பயந்துபோன அனுபவம் இப்படி வர்றது தான்.

உண்மையான ஆபத்து கடலடியில. சரிவுல இருக்கிற சேறு பூகம்பத்துல புடுங்கிக்கிட்டு ஓடினா ஆங்கர், பைப்லைன், கேபிள் எல்லாத்தையும் இழுத்துட்டுப் போகும். 1929 நவம்பர் 18, கிராண்ட் பேங்க்ஸ், 7.2 அளவு பூகம்பம். அட்லாண்டிக்ல போட்டிருந்த தந்தி கேபிள் 12 அறுந்துச்சு. இதுல சுவாரஸ்யம் என்னன்னா பூகம்ப மையத்துக்குப் பக்கத்துல இருந்தது உடனே அறுந்துச்சு, தெற்கே ஆழத்துல இருந்ததெல்லாம் மணிக்கணக்குல லேட்டா ஒண்ணு ஒண்ணா அறுந்துச்சு, ஏன் இப்படின்னு ரொம்ப நாளைக்கு தெளிவில்லாம இருந்து 1952-ல ஹீசன், யூவிங்னு ரெண்டு கடலடி ஆராய்ச்சியாளருங்க அந்த நேரத்தை வச்சே சேத்து வெள்ளம் ஒண்ணு கடலடியில ஓடியிருக்குன்னு அதோட வேகத்தையும் கணக்கு போட்டாங்க. அதே கதை 2006 டிசம்பர் 26 தைவானுக்கு தெற்கே, இந்த தடவை 9 இன்டர்நெட் கேபிள், ஆசியாவுல பல நாட்டுல நெட் படுத்துக்கிச்சு, சரி பண்ண வாரக்கணக்கு ஆச்சு.

நார்வேல ஓர்மன் லாங்கேன்னு ஒரு கேஸ் வயல், அது இருக்கிறதே சுமார் 8,000 வருஷத்துக்கு முன்னாடி சரிஞ்ச ஸ்டோரெக்கா நிலச்சரிவோட தழும்புக்குள்ள. 800-ல இருந்து 1,100 மீட்டர் ஆழம். மறுபடி சரியுமான்னு வருஷக்கணக்கா ஆராய்ஞ்சு, சரிய வேண்டியது அப்பவே சரிஞ்சிடுச்சு, இப்ப அங்க நிலையா தான் இருக்குன்னு முடிவு பண்ணின அப்புறம் தான் கிணறு போட்டாங்க. 2007-ல கேஸ் வர ஆரம்பிச்சது.

சரி, ஆழ்கடல் தப்பிச்சுக்குது, கரையில இருக்கிற துறைமுகம் மட்டும் ஏன் இப்படி அடி வாங்குது?

லிக்விஃபேக்ஷன். கடற்கரையில ஈர மணல் மேல நின்னு காலை வேகமா ஆட்டிப் பாருங்க, கெட்டியா இருந்த மணல் கொழகொழன்னு ஆகி கால் உள்ள இறங்கும், நடக்கறது அதே தான். மணல் துகளுங்க ஒண்ணு மேல ஒண்ணு உக்காந்து லோடை தாங்கும், இடைவெளியில தண்ணி. குலுக்கினா துகள் நெருங்கப் பாக்கும், தண்ணி அவ்வளவு சீக்கிரம் வெளிய போக முடியாது, அழுத்தம் ஏறும், ஒரு கட்டத்துல லோடு முழுக்க தண்ணி தலையில வந்துடும், தண்ணிக்கு ஏது பலம். துறைமுகம்னா பெரும்பாலும் கடலைத் தூர்த்து கொட்டின தளர்வான மண்ணு, மேல வரைக்கும் தண்ணி, ஒரு பக்கம் ஆழமா தோண்டின கப்பல் பாதை. மண்ணு இளகினா போறதுக்கு திறந்த வழி அந்தப் பக்கம் தான்.

1995 ஜனவரி 17 கோபே. அப்ப உலகத்துல 6-வது பெரிய கன்டெய்னர் துறைமுகம். போர்ட் ஐலண்ட், ரோக்கோ ஐலண்ட்னு கடல்ல மண்ணு கொட்டி உண்டாக்கின தீவுங்க, சுத்தி கான்கிரீட் கெய்சன் சுவர். கெய்சன்னா பெரிய கான்கிரீட் பெட்டி, கொண்டு வந்து இறக்கி உள்ள மணல் ரொப்பிடுவாங்க. அங்க கடலடியில மெத்து மெத்துன்னு களிமண்ணு, அது மேல வச்சா உக்காந்துடும்னு களிமண்ணைத் தோண்டி எடுத்துட்டு கிரானைட் சிதைஞ்ச மண்ணை கொட்டி அது மேல கல்லு போட்டு கெய்சனை வச்சாங்க. உக்கார்ற பிரச்சனைக்கு சரியான வைத்தியம் தான், ஆனா அந்த மாத்தின மண்ணே பூகம்பத்துல இளகிடுச்சு. சுவர் கடல் பக்கம் 5 மீட்டர் வரைக்கும் நகர்ந்துச்சு, ஒண்ணு ரெண்டு மீட்டர் இறங்குச்சு, சாஞ்சுச்சு. உடையல, அதை கவனிக்கணும், கெய்சன் பெட்டி முழுசா தான் இருந்துச்சு. கீழ இருந்தது தான் ஓடிடுச்சு.

அதே துறைமுகத்துல மாயா வார்ஃப்ல சில சுவருங்களை மட்டும் அதிக பூகம்ப விசைக்கு டிசைன் பண்ணியிருந்தாங்க, அது கிட்டத்தட்ட சேதமில்லாம நின்னுச்சு. போர்ட் ஐலண்ட் உள்ளேயும் முன்னாடியே மண்ணை இறுக்கி வச்ச இடங்க ரொம்ப கம்மியா தான் உக்காந்துச்சு. ஆக என்ன பண்ணணும்னு தெரியாம போன கதை இல்ல, எல்லா இடத்துலயும் பண்ணல. மத்த துறைமுகமெல்லாம் அந்த நேரத்துல சரக்கை வாங்கிக்கிச்சு, கோபே பழைய இடத்துக்கு திரும்பவே இல்ல.

பைல் போட்டுட்டா இந்த பிரச்சனை இருக்காதே?

பைல் எங்க போய் முடியுதுங்கறதைப் பொறுத்தது. 2001 ஜனவரி 26 புஜ் பூகம்பத்துல கண்ட்லா துறைமுகத்துல 22 மீட்டர் உயர அலுவலகக் கோபுரம், பைல் மேல தான் நின்னுச்சு, அப்படியும் சாஞ்சுச்சு, ஏன்னா பைல் இளகற மணலைத் தாண்டி கெட்டியான இடத்துக்கு ஆழமா போகல. இன்னொண்ணு, மேல கெட்டியான மண்ணு அடுக்கு, கீழ இளகின அடுக்குன்னு இருந்தா மேல் அடுக்கு மொத்தமா கடலைப் பாக்க நகரும், பைலையும் சேர்த்து தள்ளும். கட்டடத்தோட ஆட்டத்துக்கு மட்டும் பைலை டிசைன் பண்ணிட்டு இந்த தள்ளலை விட்டுட்டா அது பாதி டிசைன்.

பழைய வார்ஃப்ல சாய்வா பைல் அடிச்சிருக்காங்களே, இப்ப ஏன் கம்மி ஆயிடுச்சு?

கப்பல் இடிக்கிறதுக்கும் கயிறு இழுக்கறதுக்கும் சாய்வு பைல் அருமையான ஐடியா, ரொம்ப விறைப்பு. அந்த விறைப்பு தான் பூகம்பத்துல வில்லன். விறைப்பா இருக்கிறவன் தலையில தான் எல்லா லோடும் வரும், நேர் பைலெல்லாம் வளைஞ்சு குடுக்க சாய்வு பைல் மட்டும் மொத்தத்தையும் வாங்கி, தலையில மேல் தளமான டெக்கோட சேர்ற இடத்துல நறுக்குன்னு போயிடும். 1989 லோமா பிரியேட்டா பூகம்பத்துல ஓக்லாந்து துறைமுகத்தோட 7-வது தெரு டெர்மினல்ல இதை கண்கூடா பாத்தாங்க. இப்ப பெரும்பாலும் நேர் பைல் மட்டும் வச்சு வளைய விடறாங்க, இல்ல சாய்வு பைல் வேணும்னா தலையில முதல்ல நசுங்கற மாதிரி ஒரு ஃபியூஸ் வைக்கறாங்க.

வார்ஃப் சேதமாகலாம்னு தெரிஞ்சே டிசைன் பண்றாங்களாமே, இது என்ன அநியாயம்?

அநியாயமில்ல, நேர்மை. எந்த பூகம்பம் வந்தாலும் கீறல் கூட விழாதுன்னு கட்ட ஆரம்பிச்சா துறைமுகமே கட்ட முடியாது. அமெரிக்காவுல வார்ஃபுக்குன்னே இருக்கிற ஏஎஸ்சிஇ 61 விதிப்படி 72 வருஷத்துக்கு ஒரு தடவை எதிர்பார்க்கற பூகம்பத்துல வேலை நிக்கக் கூடாது, 475 வருஷ பூகம்பத்துல சேதம் வரலாம், ஆனா சரி பண்ற அளவுக்குள்ள இருக்கணும். அதுக்கும் மேல போனா உயிர் தப்பணும்.

இதுல ஒரு நுணுக்கம் எனக்கு ரொம்ப பிடிச்சது. பைல் வளையப் போறது ரெண்டு இடத்துல, ஒண்ணு தலையில டெக்குக்கு கீழ, இன்னொண்ணு மண்ணுக்குள்ள சில மீட்டர் ஆழத்துல. தலையில வளைஞ்சா படகுல போய் பாத்து ரிப்பேர் பண்ணலாம், மண்ணுக்குள்ள வளைஞ்சா தோண்டாம தெரியாது. அதனால தலையில முதல்ல வளையற மாதிரி கம்பி வைப்பாங்க, மண்ணுக்குள்ள அனுமதிக்கிற வளைவை இன்னும் இறுக்கமா வைப்பாங்க.

கன்டெய்னர் கிரேன் என்ன ஆகும்?

தண்டவாளம் ரெண்டும் பைல் டெக் மேல ஒண்ணா இருந்தா பிழைக்க வாய்ப்பு அதிகம். கோபேல கடல் பக்க தண்டவாளம் சுவரோட போச்சு, கரை பக்கத்துது அங்கேயே நின்னுச்சு, கிரேன் காலை விரிச்சு வளைஞ்சுடுச்சு. புது கிரேன் ரொம்ப பெருசு, கனமும் கூட, அதனால குலுங்கும்போது சக்கரம் தண்டவாளத்தை விட்டு தூக்கி மறுபடி உக்கார்றதையும் கணக்குல பாக்கணும், அடியில ஐசொலேஷன் (குலுக்கல் மேல ஏறாம தடுக்கற ஏற்பாடு) போட்டதும் வந்திருக்கு.

மண்ணு தான் வில்லன்னா மண்ணை என்ன பண்றது?

இறுக்கலாம், வைப்ரேட்டரை உள்ள இறக்கி அதிர விட்டு, இல்ல மணல் தூண் திணிச்சு. தண்ணி சீக்கிரம் வெளிய போக ஜல்லித் தூண் வைக்கலாம். சிமெண்டை உள்ளேயே கலந்து கெட்டியாக்கலாம். எதுவும் வேணாம்னா எடுத்துட்டு நல்ல மண்ணு போடலாம், ஆனா போட்டதை இறுக்கணும், கோபே ஞாபகம் இருக்கட்டும்.

இதுல உச்சம்னா கிரீஸ்ல 2004-ல திறந்த ரியோ-ஆன்டிரியோ பாலம். பாலம் தான், ஆனா அஸ்திவாரம் சுத்தமா ஆஃப்ஷோர் டெக்னாலஜி. 65 மீட்டர் வரைக்கும் தண்ணி, கீழ எட்டுற ஆழத்துல பாறையே கிடையாது, பூகம்பம் நிறைய, போதாததுக்கு ரெண்டு கரையும் மெதுவா விலகிக்கிட்டே இருக்கு. என்ன பண்ணினாங்கன்னா கடலடியில 2 மீட்டர் விட்டமுள்ள இரும்புக் குழாயை 25, 30 மீட்டர் நீளத்துக்கு நெருக்கமா அடிச்சு மண்ணை பலப்படுத்தினாங்க, அது மேல ஜல்லி மெத்தை, அது மேல 90 மீட்டர் அகல அஸ்திவாரத்தை சும்மா வச்சுட்டாங்க. குழாய்க்கும் அஸ்திவாரத்துக்கும் எந்த இணைப்பும் கிடையாது! பெரிய பூகம்பம் வந்தா அஸ்திவாரம் ஜல்லி மேல கொஞ்சம் வழுக்கும், அவ்வளவு தான், மண்ணு ஆழத்துல உடைஞ்சு கவிழ்றதை விட வழுக்கறது எவ்வளவோ மேல். 2008-ல பக்கத்துலயே 6.4 பூகம்பம் வந்துச்சு, பாலம் நல்லா தாங்கிக்கிச்சு.

பில்டிங்ல போடற பேஸ் ஐசொலேஷனை கடல்ல போட்டிருக்காங்களா?

சகாலின்ல போட்டிருக்காங்க. லுன்ஸ்கோயே, பில்டுன்-அஸ்தோக்ஸ்கோயே பி, ரெண்டு பிளாட்ஃபார்ம், 30-ல இருந்து 50 மீட்டருக்குள்ள ஆழம். ஐஸ் கட்டி வந்து மோதும்கறதால அடிப்பாகம் கனமான கான்கிரீட், அது விறைப்பு, பூகம்பத்தை அப்படியே மேல அனுப்பும். அதனால நாலு காலுக்கும் மேல் தளத்துக்கும் நடுவுல வழுக்கற பெண்டுலம் பேரிங் வச்சாங்க. குழிவான தட்டுல மேல் தளம் வழுக்கி தானே நடுவுக்கு திரும்பி வரும்.

சுனாமிக்கு ஆழ்கடல்ல என்ன ஆகும், துறைமுகத்துல என்ன ஆகும்?

4,000 மீட்டர் ஆழத்துல சுனாமி மணிக்கு 700 கிலோமீட்டர் ஓடும், ஆனா உயரம் பெரும்பாலும் ஒரு மீட்டரை விட கம்மி, 2004-ல ஜேசன்-1 சாட்டிலைட் இந்தியப் பெருங்கடல்ல அளந்தது சுமார் 60 சென்டிமீட்டர். மிதக்கற பிளாட்ஃபார்முக்கு அது அலையே இல்ல. 10 மீட்டர் ஆழத்துக்கு வரும்போது வேகம் 36 கிலோமீட்டருக்கு இறங்கும், அந்த சக்தி உயரமா மாறும்.

துறைமுகத்துக்குள்ள உயரத்தை விட நீரோட்டம் தான் மோசம். 2004-ல ஓமன் சலாலாவுல 285 மீட்டர் நீள கன்டெய்னர் கப்பல் கயிறு அறுத்துக்கிட்டு துறைமுகத்துக்குள்ளேயே சுத்துச்சு, அங்க கரையேறின தண்ணி அவ்வளவு ஒண்ணும் பெருசில்ல.

பிரேக்வாட்டருக்கு ஜப்பான் கமாய்ஷி தான் பாடம். 63 மீட்டர் ஆழத்துல, உலகத்துலயே ஆழமானதுன்னு கின்னஸ்ல வந்தது, 1978-ல ஆரம்பிச்சு 2009-ல முடிஞ்சது. 2011 மார்ச் 11 சுனாமியில பெரும்பகுதி உருண்டுடுச்சு. குலுக்கல்ல போகல. வெளிப்பக்கம் தண்ணி ஏறி உள்பக்கம் கம்மியா இருந்ததுல அந்த உயர வித்தியாசமே கெய்சனை கல் மேட்டு மேல இருந்து தள்ளிடுச்சு, மேல வழிஞ்ச தண்ணியும் இடுக்குல பாய்ஞ்ச தண்ணியும் பின்னாடி கல்லை அரிச்சுடுச்சு. வேஸ்ட்னு சொல்லிட முடியாது, ஊருக்குள்ள தண்ணி வர்றதை சுமார் 6 நிமிஷம் தள்ளிப் போட்டுச்சு, உயரத்தையும் குறைச்சதுன்னு ஜப்பான் துறைமுக ஆய்வு நிறுவனம் கணக்கு போட்டுச்சு. திரும்ப கட்டும்போது பின்பக்க கல்லை உயர்த்தி, தள்ளினாலும் உடனே விழாத மாதிரி மாத்தினாங்க.

சாஃப்ட்வேர் இவ்வளவு வந்த அப்புறமும் கணக்கு தப்புமா?

1991 ஆகஸ்ட் 23, நார்வே, ஸ்லெய்ப்னர் ஏ பிளாட்ஃபார்மோட கான்கிரீட் அடிப்பாகத்தை கடல்ல அமுக்கி டெஸ்ட் பண்ணிட்டு இருந்தாங்க. ஒரு சந்திப்புச் சுவர்ல விரிசல், தண்ணி புகுந்து மொத்தமும் மூழ்கிடுச்சு. கம்ப்யூட்டர் மாடல்ல அந்த இடத்துல கணக்குக்காக பிரிக்கற கட்டம் ரொம்ப பெருசா போட்டதால ஷியர் விசை (சுவரை வெட்டப் பாக்கற விசை) 47 சதவீதம் கம்மியா வந்திருக்கு, கம்பியும் பத்தல. சுமார் 70 கோடி டாலர் நஷ்டம். அடியில போய் மோதினது ரிக்டர்ல 3 அளவு பூகம்பமா பதிவாச்சு. முடிஞ்ச அப்புறம் கவனமா கணக்கு போட்டா 62 மீட்டர் ஆழத்துல உடையும்னு வந்துச்சு, நிஜத்துல உடைஞ்சது 65. ஒரு பேப்பர்ல கையால சரிபார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும்.

கடல்ல வைக்கிற, கரண்ட் எடுக்கற காத்தாடிக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தும். உச்சியில பெரிய எடை, ஒத்தைத் தூண். முழுத் தூணும் மெதுவா தான் ஆடும், ஆனா அதோட ரெண்டாவது வகை ஆட்டம் வேகமானது, பூகம்பம் அதைப் பிடிச்சுக்கும், செங்குத்து ஆட்டமும் சேரும். அடி மண்ணு இளகினா தூண் நிரந்தரமா சாயும், ஒரு டிகிரி கூட தாங்காத மெஷின் அது.

பூகம்பம் நின்ன உடனே துறைமுகத்துல முதல்ல எதை பாக்கணும்?

2010 ஜனவரி 12 ஹைட்டி. போர்ட்-ஓ-பிரின்ஸ் துறைமுகத்தோட வடக்கு வார்ஃப் மண்ணு இளகி கடலுக்குள்ள போச்சு, கிரேன் தண்ணியில பாதி முங்கி நின்னுச்சு, உதவிப் பொருள் கப்பல்ல வந்தும் இறக்க இடமில்ல. அதனால எந்த பெர்த் (கப்பல் கட்டி நிறுத்தற இடம்) முதல் நாளே கப்பலை வாங்கும்னு முன்னாடியே முடிவு பண்ணி அந்த ஒண்ணையாவது பலமா கட்டி வச்சிருக்கணும், ஜப்பான்ல இதுக்குன்னே தனி பெர்த் வகை இருக்கு. அப்புறம் வரிசை எப்படின்னா, பெர்த் முன்னாடி கடலடி ஆழத்தை சோனார்ல அளக்கணும், ஏன்னா சரிஞ்ச மண்ணும் விழுந்த சாமானும் கப்பல் அடியை கிழிச்சுடும். சுவர் நேர்கோடா இருக்கா, டெக்குக்கும் கரைக்கும் நடுவுல பள்ளம் விழுந்திருக்கா, லாரி ஏறுமான்னு பாக்கணும். பைல் தலைங்களை படகுல போய் டார்ச் அடிச்சு ஒண்ணு விடாம பாக்கணும், கரைக்கு பக்கத்துல இருக்கிற குட்டை பைல்ல இருந்து ஆரம்பிங்க, விறைப்பு அதுக்கு தான் ஜாஸ்தி, முதல்ல போறது அது.